நகத்தில் வழுக்கிய முனை

கத்தி விற்கிறவன் எந்தக் கத்தியால் காகிதத்தை அறுத்துக் காட்டுகிறானோ, அதை வாங்கக் கூடாது. அது அவன் தினமும் வீட்டில் தீட்டிக்கொண்டு வருவது. அவனாகப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்து நீட்டுகிறானே, அதையும் வாங்கக் கூடாது. பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லி நாமே கிளறி எடுக்க வேண்டும். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு வெளியே தார்ப்பாய் விரித்துப் பூட்டு, நகவெட்டி, டார்ச் லைட்டு எல்லாம் பரப்பி விற்கிற ஆளிடம் நான் இதைத்தான் செய்தேன்.

"இன்னாமா, கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றான் அவன்.

"பொண்ணுன்னா வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்லும். கத்தி சொல்லுமா? நாமதான் பாக்கணும்" என்றேன்.

பளபளவென்று ஒன்றை நீட்டினான். பிடியில் டிராகன் படம். ஃபாரின் சரக்காம். ஃபாரின் சரக்கு செங்கல்பட்டுத் தார்ப்பாயில் எதற்கு வந்து கிடக்கிறது என்று கேட்டேன், அதைக் கீழே வைத்துவிட்டான். முலாம் பூசிய கத்திக்குள் என்ன இரும்பு இருக்கிறது என்று அதைப் பண்ணினவனுக்கே தெரியாது. மங்கலாக, லேசான துருவோடு, மரப்பிடி போட்டுக் கிடந்த ஒரு மடக்குக்கத்தியை எடுத்தேன். திறந்து பக்கவாட்டில் ஆட்டினேன், ஆணியில் ஆட்டம் இல்லை. மடக்கிப் பிடியின்மேல் கட்டைவிரலை ஓட்டினேன், முனை முழுக்க உள்ளே போய்விட்டது. நாள் முழுக்க இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து நிமிர்கிறவளுக்கு அது முக்கியம், இல்லாவிட்டால் முதலில் கிழிவது அவள் வயிறுதான். கடைசியாக முனையைப் பார்த்தேன். ஊசி மாதிரி மெலிந்த முனை பார்க்கத்தான் அழகு, கல்லில் ஓர் அழுத்து அழுத்தினால் பட்டென்று போய்விடும். கத்தியின் முதுகு கடைசிவரை தடியாக வந்து, முடிகிற இடத்தில்தான் கூராக வேண்டும். இது அப்படி இருந்தது. விலையும் மலிவு. மலிவாகத்தான் இருக்க வேண்டும், நான் அதைக் கல்லில் தேய்க்கப் போகிறவள், கொலுவில் வைக்கப் போகிறவள் இல்லை.

இது தொண்ணூறுகளின் கடைசியில். மாமல்லபுரத்துக்கு வெளியே, சிலைகளைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற ஒரு கொட்டகையில் அப்போது எனக்கு வேலை. பட்டறைகளிலிருந்து வருகிற கற்சிலைகளுக்கு வைக்கோல் புரி சுற்றி, சாக்குப் போட்டுத் தைத்து, மரப்பெட்டியில் இறக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு நந்தியைச் சுற்றிய கயிற்றை அறுக்கும்போது கத்தி வழுக்கிக் கொம்பில் குத்திவிட்டது. கருங்கல்லில் குத்தினால் கத்திதான் கெட வேண்டும். அதுவோ ஊறின சோப்பில் இறங்குவது போல இறங்கி நின்றது. கொம்பு ஒடிந்திருக்கிறது, கல் தூளைப் பசையில் குழைத்து ஒட்டு வைத்து, தேய்த்து, எண்ணெய் பூசி மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி வந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். மறுநாளிலிருந்து நான் கத்தி வைத்துப் பார்த்து 'தேறும்' என்று சொன்ன பிறகுதான் எந்தச் சிலையும் பெட்டிக்குள் போனது.

ஓட்டல் தோட்டத்துக்குப் போகிற புத்தருக்கு ஒட்டு இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிற சிலை அப்படி இல்லை. விரல் நுனி ஒடிந்தாலும் அது பின்னம். பின்னமான சிலைக்குப் பூசை கிடையாது, அதற்குக் கும்பாபிஷேகம் செய்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். செதுக்கினவன் அதை வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான், மறுபடி புதுக் கல்லில் ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒட்டு வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் அது தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

சிலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். கல் ஒரு விதமாகக் காயும், ஒட்டு ஒரு விதமாகக் காயும். ஆனால் எண்ணெய் தடவி வந்த சிலையில் அந்த வித்தை பலிக்காது. எண்ணெய் பூசின சிலையைக் கண்டாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும். அப்போது கத்தி முனைதான் கதி. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒடிகிற இடங்களான விரல், காது, தும்பிக்கை, ஆயுதம் இவற்றின் மேல் முனையை மெல்ல இழுக்க வேண்டும். கல்லென்றால் கிர்ரென்று ஒரு சத்தத்தோடு வழுக்கிப் போகும், துடைத்தால் போகிற மாதிரி ஒரு சாம்பல் கோடு விழும். ஒட்டு வந்தால் அந்தச் சத்தம் செத்துவிடும், முனை இம்மியளவு உள்ளே இறங்கும். கூர் மழுங்கிய முனை இறங்காது. ஒட்டின் மேலும் அது கல்லின் மேல் போவது போலத்தான் போகும்.

பட்டறைக்காரர்கள் எனக்குக் 'கத்திக்காரி' என்று பேர் வைத்தார்கள். நான் டீ குடிக்கப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. இதுக்குக் கண்ட கல்லெல்லாம் ஒட்டு" என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். சொல்லட்டுமே. அவன் அனுப்பிய முருகனின் வேல் ஒட்டு வைத்தது, நான்தான் திருப்பி அனுப்பினேன்.

இத்தனை சந்தேகக்காரியான நான் ஒரே ஒருவரைச் சந்தேகப்பட்டதில்லை. என் வீட்டுக்காரர். அவரும் சிலை செதுக்குகிறவர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம் நாற்று நடுகிற, அறுப்பறுக்கிற தெரு எங்களுடையது. மண்ணும் எங்களுடையதில்லை, நெல்லும் எங்களுடையதில்லை. அந்தத் தெருவிலிருந்து முதலில் கல்லுடைக்கப் போய், அங்கிருந்து உளி பிடிக்கப் போனவர் அவர். அவரைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் சிலரும் உளி எடுத்தார்கள். ஆனாலும் பட்டறைகளில் எங்கள் ஆட்களுக்குப் புத்தரும் யானையும்தான் கொடுப்பார்கள். பூசைக்குப் போகிற மூலவரைத் தனிப்பேரில் செதுக்கு என்று யாரும் கொடுத்ததில்லை.

என் கத்தியைத் தீட்டித் தருவது அவர்தான். நாளெல்லாம் கல்லில் இழுத்த முனை சாயங்காலத்துக்குள் தேய்ந்துவிடும். சோறு ஆகும்வரை அவர் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் தீட்டுவார். பெரும்பாலான ஆட்கள் கத்தியின் வயிற்றைத் தீட்டிவிட்டு முனையை மறந்துவிடுவார்கள். கத்தி வளைகிற இடம் வரும்போது பிடியைக் கொஞ்சம் தூக்க வேண்டும், அப்போதுதான் முனைவரை கல்லில் படும். அதே சமயம் முனை கல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே விழக் கூடாது. விழுந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முனை உருண்டு போகும். எப்போதாவது ஒடிந்துபோனால் முதுகுப் பக்கம் தேய்த்துத்தான் புது முனை எடுக்க வேண்டும், கூர்ப்பக்கம் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர் கை தப்பி நான் பார்த்ததே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்திய பிறகு கொட்டகைக்குக் கார்கள் நிறைய வர ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து சிலர் வந்தார்கள். ஆபீசுக்கு ரயிலில் போய் வருகிறவர்கள், புதிதாக மனை வாங்கி வீடு கட்டி ஒரே நகரில் குடியேறியவர்கள். தெருமுனையில் கோயில் கட்டுகிறார்களாம், பிள்ளையார் வேண்டுமாம். முதலாளி அந்த வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். என்னடா இது, இந்த மனுஷருக்குத் திடீரென்று என்ன கரிசனம் என்று அதையும் நான் சந்தேகப்பட்டேன். வீட்டுக்காரரோ அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. சந்தோஷம்.

"மூலவருமே. நம்ம தெருவுலேந்து போற மொத மூலவரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது நன்றாக முடிந்தால் அவர் பேருக்குத் தனியாக வேலை வரும். கெட்டால், 'அவனுங்களுக்கு யானைதான் லாயக்கு' என்று சொல்லக் காத்திருக்கிற வாய்கள் நிறைய.

கல் வந்து இறங்கியது. அதன்மேல் அவர் கரிக்கோடு மட்டும் போட்டு வைத்திருந்த நாட்களில்தான் என் கத்தியில் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. கொட்டகையில் ஒரு நைலான் கயிற்று முடிச்சை நெம்பினேன். வாங்கின புதிதில் முடிச்சுக்குள் சுலபமாக நுழைந்த முனை நுழையவில்லை. அவர் தீட்டியதாயிற்றே என்று பல மாதமாகச் செய்யாததை அன்று செய்தேன், கட்டைவிரல் நகத்தின்மேல் முனையை வைத்து இழுத்தேன். நல்ல முனை நகத்தில் கொக்கி போட்டு நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போனது.

முதலில் கொட்டகையில் உள்ளவர்கள் மேல்தான் சந்தேகம். வைக்கோல் புரி திரிக்கிற அக்கா என் கத்தியை எடுத்துப் பெயின்ட் டப்பா மூடியைத் திறக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டேன்.

"ஏன்டி, உன் கத்திய எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்குப் பல்லு கீது, அதாலயே கடிச்சுக்குவேன்" என்றாள்.

காவல்காரர் மாங்காய் நறுக்குகிறார் என்று அடுத்த சந்தேகம். அவரோ, "யம்மாடி, உன் கத்தியத் தொட்டா கை வெளங்குமா?" என்று கும்பிட்டார். நம்பவில்லை. அன்றிலிருந்து சோறு தின்னும்போதும் கத்தியை இடுப்பைவிட்டு எடுக்கவில்லை. யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. ஒருநாள் கொட்டகையில் கத்தியைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் அவர் தீட்டிக் கொடுத்ததை அப்படியே வாங்கி, அவர் கை கழுவப் போன நேரத்தில் நகத்தில் வைத்து இழுத்தேன். வழுக்கியது. கத்தியின் வயிறு மயிரைச் சிரைக்கிற அளவுக்குக் கூராக இருந்தது. முனை மட்டும் உருண்டிருந்தது.

வேறு ஆளென்றால் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். எத்தனையோ தும்பிக்கையின் கடைசிச் சுருக்கத்தை உளியால் எடுத்த கை அது. கத்தி முனை கல்லைவிட்டு வெளியே விழுந்து உருண்டிருக்கிறதென்றால் அவராக விழ வைத்திருக்கிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம், கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் வேலை முடிந்து நேராகச் செங்கல்பட்டு போய், அதே தார்ப்பாய்க்காரனிடம் இன்னொரு கத்தி வாங்கினேன். "பழசு இன்னா ஆச்சு?" என்றான். "புருஷன் கெடுத்துட்டான்" என்றேன். சிரித்தான், நான் சிரிக்கவில்லை. புதுக் கத்தியைக் கொட்டகையிலேயே சாக்குக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, மதியச் சோற்று நேரத்தில் நானே தீட்டிப் பழகினேன். முதலில் என் கையிலும் முனை கல்லைத் தாண்டி விழுந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டேன். நகத்தில் முனை கொக்கி போட்டு நின்ற அன்று எனக்குப் பெருமையாக இருக்கவில்லை, பயமாக இருந்தது. பழையதை வழக்கம்போல அவரிடம் தீட்டக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தேன்.

இதற்குள் பிள்ளையார் வளர்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பிள்ளையார். தொந்தியைப் பார்த்தால் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். நான் போய் நின்றால் அவர் சிரிப்பார், ஆனால் சிலைக்குப் பின்பக்கம் என்னை விடமாட்டார். "தூசி அடிக்குது, அந்தாண்ட போமே" என்பார். இத்தனை நாள் தூசியில் வாழ்கிறவளிடம் தூசி என்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

சிலையைச் சோதித்துப் பார்க்கிற நாள் வந்தது. கூடுவாஞ்சேரிக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலாளி வெற்றிலையோடு நின்றார். டெம்போவிலிருந்து பிள்ளையாரை இறக்கினார்கள். நன்றாக எண்ணெய் தடவி, கறுகறுவென்று மின்னினார். எனக்கு மணி அடித்தது.

புதுக் கத்தியை எடுத்துத் திறந்தேன். அதன் பிடி வேறு நிறம். என் வீட்டுக்காரர் அந்தப் பிடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே குனிந்துகொண்டார். அந்த நொடியிலேயே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. சாமி, என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும், ஊரெல்லாம் என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லட்டும் என்று அந்தப் பிள்ளையாரையே வேண்டிக்கொண்டு முனையை இழுக்க ஆரம்பித்தேன். தும்பிக்கை கல். விரல்கள் கல். தந்தம் கல். இடது காது கல். வலது காதின் மடலுக்குப் பின்னால் போனேன். கிர்ரென்று வந்த சத்தம் பாதியில் செத்தது. முனை இறங்கியது.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தேறும்' என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் மனிதராகிவிடுவார், தெருவே நிமிர்ந்துவிடும். காதுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதன் முன்னால் நின்று கும்பிடப் போகிறவர்கள்.

"மொதலாளி, வலது காது ஒட்டு. தேறாது" என்றேன்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் பயந்த அந்த வார்த்தையும் அதில் இருந்தது. கூடுவாஞ்சேரிக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். வேலை வேறு பட்டறைக்குப் போனது. என் வீட்டுக்காரர் பிள்ளையாரை மறுபடி டெம்போவில் ஏற்றினார். யாரும் கை கொடுக்கவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "மொனைய மழுக்கினது நீதானே?"

"ஆமா."

"இன்னாத்துக்குய்யா? நான் கண்டுபுடிச்சுடுவேன்னா?"

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நீ கண்டுபுடிச்சா சொல்லிடுவே. எனக்காவ சொல்லாம வுட்டியோ, அப்புறம் உனக்குத் தூக்கமே வராது. உன்னப் பொய்யி சொல்ல வெக்கக் கூடாதுன்னுதாமே பண்ணேன். கத்திக்கே தெரியலன்னா உம்மேல பாவம் இல்ல பாரு."

இந்த மனுஷன் என்னைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறாரே, நான் போய் ஊர் முன்னால் அவரைக் கவிழ்த்துவிட்டேனே என்றிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"காது எப்பய்யா ஒடஞ்சுது?" என்று கேட்டேன். ஆறுதலுக்காகத்தான் கேட்டேன்.

"போன வாரம். பெரட்டும்போது கடப்பார பட்டுச்சு."

அவர் கை என் மடியில்தான் இருந்தது. எனக்கு அந்த நைலான் முடிச்சு ஞாபகம் வந்தது. முனை முதன்முதலில் வழுக்கிய அன்றைக்கு இந்தப் பிள்ளையாருக்குக் காதே கிடையாது. வெறும் கல், அதன்மேல் கரிக்கோடு. ஒடியாத காதுக்காக யாராவது அப்போதே முனையை மழுக்குவார்களா?

"யாருக்காவ மழுக்கினே?" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "எல்லாம் நம்ம தெரு ஆளுங்கதான். அவங்களுக்கும் இப்பத்தான் பட்டறை பேருல சின்னச் சின்ன சாமி வேலை குடுக்க ஆரமிச்சாங்கோ. ஒண்ணு ஒடஞ்சாலும் திரும்ப ஏர் புடிக்கத்தான் போவணும். வந்து கால்ல வுழுந்தானுங்க" என்றார்.

"எந்தெந்த செல?"

"சொன்னா இன்னா பண்ணுவே? கோயில் கோயிலாப் போய்த் தோண்டுவியா?"

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. கையில் இருந்த சொம்பைத் தூக்கி எறிந்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? எத்தனை மாதம் நான் 'தேறும், தேறும்' என்று சொல்லியிருக்கிறேன். முதலாளி அதை நம்பினார், வாங்கினவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன். அந்த வார்த்தைகளில் எது என்னுடையது, எது இவர் வாசலில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தது என்று பிரிக்கவே முடியவில்லை. "உன்ன ஒருத்தனத்தான்யா நான் நம்பினேன்" என்று கத்தினேன். அவர் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

அவர் மறுபடி ஓட்டல் புத்தர்களுக்குக் கூலிக்குப் போனார். நாங்கள் பிரிந்துவிடவில்லை, ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறுதான் தின்றோம். கத்தியை நானே தீட்டிக்கொண்டேன். கட்டின புருஷனையே காட்டிக்கொடுத்தவள் என்று கொட்டகையில் என் சொல்லுக்கு மதிப்பு கூடிப்போனது. அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அச்சரப்பாக்கம் போனேன். பஸ் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த மாதங்களில் என் கையால் சாக்குச் சுற்றிப் பெட்டியில் இறக்கிய பிள்ளையார். ஒருத்தி பரீட்சைக்குப் போகிற மகளைக் கூட்டி வந்து தோப்புக்கரணம் போட வைத்துக்கொண்டிருந்தாள். ஐயர் கற்பூரம் காட்டினார். என்னையும் பார்த்து, "கிட்ட வாங்கம்மா, நல்லா வேண்டிக்குங்க" என்றார். கிட்டப் போய்க் கைகூப்பிக் கும்பிட்டேன். கும்பிடும்போதும் பிள்ளையாரின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.